பல்லைக் காட்டினால் சீட்டையும் வாங்குங்கள்

“பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்.” திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் பிள்ளையின் கன்னம் வீங்கி நிற்கும்போதுகூட இதைத்தான் சொல்கிறார்கள். தாத்தா சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், சில சமயம் வாத்தியாரும் சொல்கிறார். சொல்வதில் பாதிதான் உண்மை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தை விழுந்தால், அந்தப் பல்லோடுதான் பிள்ளை இன்னும் ஐந்தாறு வருஷம் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். முன்கூட்டியே பிடுங்கிப் போட்டாலோ பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். கீழிருந்து வரவேண்டிய நிலைப்பல் கோணலாக முளைக்கும், அல்லது வெளியே வராமல் உள்ளேயே கிடக்கும்.

இதைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது ஆறு வயதில். அப்போது கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் வீட்டில் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல். போனால் இன்னொன்று முளைக்காது. பிள்ளையின் வாயில் டார்ச் அடித்து முன்பக்க நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்துதான் பால் பல். ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிலைப்பல். அதில் கறுப்புக் கோடு தெரிந்தால் அடுத்த லீவு வரை காத்திருக்காதீர்கள்.

இது படவேட்டுக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. 2002-03இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பிலேயே ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சொத்தைப் பல்லோடுதான் இருந்தார்கள். தறி ஓடுகிற வீட்டில், பிள்ளை அழாமலிருக்கச் சர்க்கரை போட்ட பால் புட்டியையோ பிஸ்கட்டையோ கையில் கொடுத்து உட்கார வைப்பது புரியாத விஷயமல்ல. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு. ஆனால் ராத்திரி தூக்கத்திலும் புட்டி வாயிலேயே இருந்தால், இரண்டு வயதிலேயே மேல்வரிசை முன்பற்கள் பழுப்பேறி மொட்டையாகிவிடும். தூங்கும்போது தண்ணீரைத் தவிர வேறெதுவும் புட்டியில் வேண்டாம்.

ஈறில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கொப்புளம் வரும். இரண்டு நாளில் உடையும், வலியும் நிற்கும். “சரியாப் போச்சு” என்று விட்டுவிடுவார்கள். சரியாகவில்லை. உள்ளே நரம்பு செத்துவிட்டது, சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டது, அதனால்தான் வலி இல்லை. கிருமி வேரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் மருந்துக்கடையில் “பல்வலிக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டு வாங்கும் மாத்திரை நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. நிமெசுலைடு கலந்த மாத்திரையை 12 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று அரசு தடை போட்டது 2011இல். அப்பாவுக்கு வாங்கிய அட்டையில் பாதி உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. திருவிழாக் கூட்டத்தில் புகை போட்டுப் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுகிறவரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பல்லில் புழு கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல்வலியோடு காய்ச்சல், கண் வரை ஏறும் வீக்கம், தாடைக்கு அடியில் கட்டியான வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, இவற்றில் எது வந்தாலும் அது பல் டாக்டருக்காக நாளைக் காலை வரை காத்திருக்கிற விஷயமல்ல. உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும்.

அடுத்தது முகாம். பல் மருத்துவக் கல்லூரிப் பேருந்து ஊருக்கு வரும், பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்ப்பார்கள், சிலரைக் கல்லூரிக்கே கூட்டிப்போவார்கள். நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேல்படிப்புப் படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். உங்கள் பிள்ளைக்கு நடப்பது வெறும் சிகிச்சையா, ஆய்வோடு சேர்ந்த சிகிச்சையா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஆய்வு என்றால் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கத்தாள் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் அதை எழுத்தில் வாங்க வேண்டும். பாதியில் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. ஆய்வால் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தின் ஒரு நகல் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். புது மருந்தோ புது முறையோ சோதிக்கிறார்கள் என்றால், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டின் சி.டி.ஆர்.ஐ. எண்ணையும் கேளுங்கள்.

சில்வர் டயமின் ஃபுளோரைடு என்று ஒரு சொட்டு மருந்து உண்டு. துளை போடாமல், ஊசி இல்லாமல் சொத்தையை நிறுத்தும். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது. நல்ல மருந்து. ஆனால் போட்ட இடம் கறுத்துவிடும், அந்தக் கறை போகாது. இதை முன்னாலேயே சொல்லாமல் போட்டுவிடுவதால், வீட்டுக்கு வந்த பிறகு “பல்லையே கருக்கிட்டாங்க” என்று சண்டை. அதே போல மரத்துப்போக ஊசி போட்ட பிள்ளை, உணர்வு திரும்புவதற்குள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அது கிருமி அல்ல, கடி. இரண்டு மணி நேரமாவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டியது டாக்டரின் வேலை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

தனியார் கிளினிக்குப் போகிறவர்கள் வாணியம்பாடியை நினைவில் வைக்க வேண்டும். 2023இல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது, எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பிறரும் ஆராய்ந்து, விவரம் 2025இல் வெளியானது. காரணம், பல் வேலைக்கான கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்தவருக்கும் அதையே பயன்படுத்தியது. சலைன் பாட்டிலை உங்கள் கண்ணெதிரே புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள். கருவி கிருமி நீக்கும் கலனிலிருந்து உறையோடு வருகிறதா என்று கேளுங்கள். டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இலவசமாகப் பார்க்க வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மொபைல் டீம் அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை. பார்க்கவேண்டிய பட்டியலில் பல் நோயும் உண்டு. டீம் வரும் நாளில் பிள்ளையை லீவு போட விடாதீர்கள். சொத்தை கண்டால் பரிந்துரைச் சீட்டு எழுதித் தர வேண்டும். “போய்க் காட்டுங்க” என்று வாயால் சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சீட்டை வாங்குங்கள். டீமே வரவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், அல்லது 104 மருத்துவ உதவி எண்ணில் சொல்லுங்கள். அந்தச் சீட்டு, பிள்ளையின் ஆதார், முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கும் மேல் பெரிய வேலை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுதிக்கொடுத்ததை ஒரே கவரில் போட்டு வையுங்கள். எக்ஸ்ரேவை மடிக்காதீர்கள்.

கவரில் காகிதம் இல்லாதவர் புகார் கொடுத்தும் பயனில்லை, இதை எத்தனை முறை சொன்னாலும் ரசீது வாங்காமல் வருகிறவர்களைத்தான் பார்க்கிறேன். மருத்துவர் பதிவு பெற்றவரா, தவறாகச் சிகிச்சை செய்தாரா என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கிளினிக் சுத்தமில்லை, உரிமம் இல்லை என்றால் திருவண்ணாமலை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு. இரண்டுக்கும் ஒப்புகையோடு விரைவுத்தபால். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை. காசு கொடுத்துப் பார்த்த சிகிச்சையில் நஷ்டம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கிளினிக் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தெரியாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

கிளினிக் பதிவு பெற்றதா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதற்கு வில்லைகூட வேண்டாம்.