காதங்கி ரேடாரும் அரேயின் இரு எல்லைகளும்

திருப்பதியிலிருந்து சித்தூருக்குக் காரில் போகிறவர்களுக்குக் காதங்கி என்றால் டோல்கேட்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரில்தான் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடமும் இருக்கிறது. அங்கே 130 மீட்டருக்கு 130 மீட்டர் திடலில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசையாக 1024 யாகி ஆன்டெனா நிலைகள். 1990களின் தொடக்கத்திலிருந்து 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்துக்கு அனுப்பி, தலைக்கு மேலே காற்று ஓடும் வேகத்தை அளந்துவரும் எம்.எஸ்.டி. ரேடார் அது.

இப்படி வந்து குவியும் எண்களைக் கம்ப்யூட்டரில் வைக்க ஏற்றது அரே. எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டெக்ஸ். அந்த இன்டெக்ஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் வினையே. ரேடார் துடிப்பு ஒரு மைக்ரோவினாடி என்றால், வானத்தை 150 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் அடுக்கு 0-வா 1-ஆ என்று குழம்பினால் காற்றின் வேகம் முழுவதும் 150 மீட்டர் தள்ளிப் பதிவாகும். எர்ரர் எதுவும் வராது; கிராஃபும் அழகாகவே இருக்கும்.

டாப்ளர் கணக்கில் சிக்கல் இன்னும் நுட்பமானது. காற்று ரேடாரை நோக்கி வந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் கூடும். விலகிப் போனால் குறையும். ஆகவே இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 256 புள்ளி நிறமாலைக்கு −128 முதல் 127 வரை எண் கொடுப்பதே இயல்பு. ஃபோர்ட்ரானில் அப்படியே அறிவிக்கலாம். ஃபோர்ட்ரான் 90 முதல் 'எல்பவுண்ட்', 'யுபவுண்ட்' என்ற இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. கீழ் எல்லை −128, மேல் எல்லை 127 என்று அவை சொல்லிவிடும். லூப்பில் எண்ணைக் கையால் எழுதுவதைவிட இவற்றைக் கேட்டு எழுதுவதே சரி என்பேன்.

ஆனால் எங்கிருந்து கேட்கிறோம் என்பது முக்கியம். அதே அரேயை ஒரு சப்ரூட்டீனுக்கு அனுப்பி, அங்கே அளவு சொல்லாமல் வெறும் முக்காற்புள்ளி மட்டும் போட்டு அறிவித்தால், எல்பவுண்ட் 1 என்னும். யுபவுண்ட் 256 என்னும். தரவு மாறாது, முகவரி மாறிவிடும்: பூஜ்ய அதிர்வெண் 129-ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் −128 என்று எழுதிவிட்டால் பழைய எண்கள் திரும்பிவிடும்.

சி மொழியில் ஃபங்ஷனுக்குள்ளிருந்து கேட்கவே வழியில்லை. அங்கே போவது முதல் உறுப்பின் முகவரி மட்டும்தான். நீளத்தை நாமே கூடவே அனுப்ப வேண்டும். எல்லை தாண்டினால் பக்கத்து நினைவகத்தில் கிடப்பது கைக்கு வரலாம், புரோகிராம் விழவும் செய்யலாம். ஜாவா அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

பைத்தானில் −1 என்றால் கடைசி உறுப்பு. ஃபூரியே மாற்ற நிரல்கள் மைனஸ் அதிர்வெண்களை வழக்கமாகப் பின்பாதியில் வைப்பதால், நிறமாலையில் −1 கேட்டால் −1 அதிர்வெண்ணே கிடைக்கும். உயர அடுக்குகளில் அதே −1 தவறி நுழைந்தால், கீழடுக்குக் காற்றைக் கேட்ட இடத்தில் உச்சி அடுக்கின் வேகம் வந்து நிற்கும்.