வீட்டில் டிவி: மாட்டும்போதும் பார்க்கும்போதும் கவனிக்க வேண்டியவை



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை டயாலிசிஸ், இருதயம், பிரசவம் என்று நாம் எதிர்பார்க்கக் கூடியவைதான். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு மனு அப்படி இல்லை. மூன்று வயதுப் பிள்ளை. டிவி மேஜை மேல் இருந்த ரிமோட்டை எடுக்க, மேஜையின் இழுப்பறைகளைத் திறந்து அவற்றையே படியாக்கி ஏறியிருக்கிறது. மேஜை முன்பக்கம் சாய, டிவி பிள்ளையின் மேல் விழுந்துவிட்டது. உம்மா அடுப்படியில் இருந்திருக்கிறார்; வாப்பா வெளிநாட்டில். தொடை எலும்பு முறிந்து பல வாரம் மாவுக்கட்டு. தலையில் படாமல் அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த அன்று நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு டிவியைத் தொட்டு அசைத்துப் பார்த்தோம். சிலர் வீட்டில் அது ஆடியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

டிவி வீட்டில் இருக்கலாமா, எதைப் பார்க்கலாம் என்ற மார்க்கத் தெளிவுகளை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற டிவியால் பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

இப்போதைய டிவி மெலிதாக இருப்பதால் அது விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். 43 அங்குல டிவி ஏறக்குறைய எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு அரிசிப் பை பிள்ளையின் மேல் விழுவதாக நினைத்துப் பாருங்கள். அகலமான அந்தத் திரை இரண்டு சிறிய கால்களில் நிற்கிறது. மேல் விளிம்பைப் பிடித்து ஒரு பிள்ளை இழுத்தால் போதும். பழைய பெட்டி டிவி இன்னும் மோசம். 21 அங்குலப் பெட்டியே இருபது கிலோவுக்கு மேல் வரும். எடையில் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில். புது டிவி வந்ததும் பழையதைத் தூக்கி படுக்கையறை பீரோ மேல் வைத்துவிடுகிறோம். ஓடாத டிவிதானே என்று அதன் பக்கம் யாரும் திரும்புவதில்லை. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கீழே இறக்கித் தரையில் வையுங்கள், அல்லது பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதன் பின்மூடியைக் கழற்றி எதையும் எடுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

சுவரில் மாட்டுவதே நல்லது. ஆனால் எந்தச் சுவர் என்று பார்க்க வேண்டும். நம் ஊரின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை தடிமனாக இருக்கும். விரலால் சுரண்டினாலே உதிரும். மாட்ட வருகிறவர் அவசரத்தில் ஒன்றரை அங்குலம் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகிவிட்டுப் போனால், ஸ்க்ரூ நிற்பது காரையில்தான், செங்கல்லில் அல்ல. துளை போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெறும் வெள்ளைத் தூளோ சாம்பல் நிறத் தூளோ வந்தால் ட்ரில் இன்னும் பூச்சைத் தாண்டவில்லை. செங்கல்லுக்குள் போனால் சிவப்புத் தூள் வரும். அதற்கும் உள்ளே இரண்டு அங்குலமாவது போக வேண்டும்; ஸ்க்ரூவும் அதற்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும். ட்ரில் திடீரென்று வெற்றிடத்தில் விழுவதுபோல் உள்ளே போனால் அது ஹாலோ பிளாக் சுவர். அங்கே சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென்றே உள்ள பிடிப்பான்களைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு சுவரைப் பார்க்க வேண்டும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போட விடாதீர்கள். உள்ளே வயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் இருக்கும்.

பிராக்கெட்டை டிவியின் பின்னால் இருக்கும் நான்கு துளைகளில் பொருத்துவார்கள். அந்தத் துளைகளின் இடைவெளி 200-க்கு 200 மில்லிமீட்டர், 300-க்கு 300, 400-க்கு 400 என்று டிவிக்கு டிவி மாறும். டிவியோடு வந்த தாளைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற, அந்த எடையைத் தாங்குகிற பிராக்கெட்டை வாங்குங்கள். டிவியைத் தொங்கவிடுமுன் வெறும் பிராக்கெட்டை இரு கையாலும் பிடித்து, உடம்பின் கனத்தைக் கொஞ்சம் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். மாட்ட வந்தவர் சிரிப்பார். சிரிக்கட்டும். உயரத்தைப் பொறுத்தவரை, உட்கார்ந்து பார்க்கும்போது கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வந்தால் கழுத்து வலிக்காது. கூரைக்குப் பக்கத்தில் மாட்டுவது கடைகளுக்குச் சரி, வீட்டுக்குச் சரியில்லை. தொங்கும் வயர்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தவழும் பிள்ளை முதலில் பிடித்து இழுப்பது அதைத்தான்.

வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், தாழ்வான, அகலமான மேஜை போதும். டிவியை மேஜையின் பின்விளிம்புக்குத் தள்ளி வைத்து, பின்புறத் துளைகளில் ஒரு நைலான் பட்டையைப் பொருத்தி, மேஜையின் பின்பலகையோடு இறுக்கிக் கட்டலாம். மேஜையும் சாயாத கனமாக இருக்க வேண்டும். தொங்கும் மேஜை விரிப்பு வேண்டாம். இழுப்பறைகளைப் பூட்டுங்கள். முக்கியமாக ரிமோட்டையும் பொம்மையையும் மிட்டாய் டப்பாவையும் அந்த மேஜை மேல் வைக்காதீர்கள். பிள்ளை ஏறுவது டிவிக்காக அல்ல, அவற்றுக்காக.

இனி கரண்ட். வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிவி நம் ஊரில் நிறைய. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் 100-240 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டுக்கு அது ஓடும். 110 அல்லது 127 என்று மட்டும் போட்டிருந்தால் நேரடியாகச் செருகவே கூடாது; சவூதியில் முன்பு வீடுகளுக்கு 127 வோல்ட் கொடுத்த காலத்துச் சாமான்கள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. அங்குள்ள பிளக்கின் கால்கள் தட்டையாக, சதுரமாக இருக்கும். அதை நம் பாயிண்டில் செருக ஒரு மலிவான கன்வெர்ட்டரைப் போட்டுவிடுகிறோம். அது தளர்ந்து, பொறி பறந்து, சூடேறி உருகுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான டிவிகளில் வயரை டிவி பக்கமும் கழற்றலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள உள்ளூர் வயர் ஒன்று வாங்கி மாற்றிவிட்டால் கன்வெர்ட்டரே வேண்டாம்.

43 அங்குல டிவி சாதாரணமாக 100 வாட்டுக்குள்தான் எடுக்கும். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பெருநாள் காலையில் அயர்ன் பாக்ஸைச் செருகும்போதுதான் வினை. அயர்ன் பாக்ஸ் 1000 வாட். டிவியின் பாக்ஸ் டிவிக்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் வைஃபைக்கும் மட்டும் இருக்கட்டும். செட்-டாப் பாக்ஸ் மேல் பூவேலைத் துணி போர்த்துவது பெட்டி டிவி காலத்துப் பழக்கம். அது சூடேறும் சாமான், காற்று வேண்டும்.

வீட்டில் சில பல்புகள் திடீரென்று கண் கூசும்படி எரிந்து, பக்கத்து அறையிலோ பக்கத்து வீட்டிலோ மங்கினால், நியூட்ரல் துண்டித்திருக்கலாம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறக்கூடும். ஒரே தெருவில் பல வீட்டு டிவிகள் ஒன்றாகக் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இல்லாத வீட்டுக்காரர்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். அது டிவியை அல்ல, ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மின்னல் கரண்ட் வயர் வழியாகவும் வரும், டிஷ் வயர், கேபிள் வயர், இன்டர்நெட் வயர் வழியாகவும் வரும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்; அதுவும் மேகம் கறுக்கும்போதே. இடி தலைக்கு மேல் வந்த பிறகு அவற்றைத் தொட வேண்டாம். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மின்னலை அது தடுக்காது. கடல் காற்றில் மாடி டிஷ்ஷின் நட்டு போல்ட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்கு முன் ஒருமுறை ஏறி அசைத்துப் பாருங்கள். மின்கம்பி மாடியை ஒட்டிப் போகும் வீடுகளில் அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

உறங்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணம் சொன்னதையும் புகாரியில் காண்கிறோம். இன்று திரி இல்லை. ஆனால் டிவிக்குப் பின்னால் வயரைக் கடிக்கும் எலி இருக்கிறது. இரவில் ரிமோட்டில் அணைப்பதோடு நிற்காமல் பிளக் பாயிண்ட் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

ரிமோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில சிறிய ரிமோட்டுகளில் நாணயம் போன்ற தட்டை பேட்டரி இருக்கும். பிள்ளை விழுங்கினால் அது தொண்டைக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். விழுங்கியது பேட்டரி என்று போனவுடன் சொல்லிவிடுங்கள். ரிமோட்டின் பேட்டரி மூடி உடைந்திருந்தால் ரப்பர் பேண்டு போட்டு ஒப்பேற்ற வேண்டாம், ரிமோட்டையே மாற்றுங்கள்.

ஸ்மார்ட் டிவியில் ஆபத்து இன்டர்நெட் வழியாகவும் வரும். முதல்முறை ஓடவிடும்போது அது ஒரு இமெயில் கேட்கும். வாப்பாவின் போனில் உள்ள அதே இமெயிலைப் போட்டுவிட்டால் அவருடைய கணக்கு, சில சமயம் அதில் சேமித்த கார்டு வரை டிவியோடு சேர்ந்துவிடும். டிவிக்கென்று தனி இமெயில் திறந்துகொள்ளுங்கள். பணம் கட்டி வாங்குவதற்கும் வயது வந்தோர் படங்களுக்கும் ரகசிய எண் போடும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அந்த எண் பிள்ளையின் பிறந்த வருடமாக இருக்கக் கூடாது. அதைத்தான் அவர்கள் முதலில் அடித்துப் பார்ப்பார்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்திவிடலாம். இலவசமாக கிரிக்கெட் பார்க்கலாம் என்று பையன்கள் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றும் ஆப்களை அனுமதிக்காதீர்கள். ஆபாச விளம்பரமும் தகவல் திருட்டும் வீட்டுக்குள் வரும் வழி அது.

“உங்கள் டிவியை ஆக்டிவேட் செய்யக் கட்டணம் கட்டுங்கள்” என்று போன் வந்தால் அது மோசடி. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் சகோதரிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஓ.டி.பி. சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லும் ஆப்பை போனில் ஏற்றாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதமாகச் சொன்னால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

இரண்டு வயது ஆகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. டிவி காட்டித்தான் சோறு ஊட்ட முடிகிறது என்ற உம்மாமார்களின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது டிவி இல்லாமல் பழக்கிப் பாருங்கள். டிவி பிள்ளைகளின் படுக்கையறையில் இல்லாமல் கூடத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்த சகோதரர்கள் இருவர் ஊழியமாகச் செய்ய முன்வந்திருக்கிறார்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கும், ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும் வந்து பிராக்கெட்டையும் பிளக் பாயிண்டையும் பார்த்துத் தருவார்கள். கூலி இல்லை, மாற்ற வேண்டிய சாமான் இருந்தால் அதன் விலை மட்டும். அதுவும் சிரமம் என்றால் சொல்லுங்கள், வெளியில் தெரியாது. அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்தால் போதும். சகோதரிகள் வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பியும் எழுதிக் கொடுக்கலாம். மழை தொடங்குமுன் எல்லா வீடுகளையும் முடித்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.