முதலெழுத்தும் புள்ளியும்
மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழர் இல்லங்களில் நடைபெறும் விவாகங்களுக்கு அச்சிடப்படும் அழைப்பிதழ்களில், தகப்பனார் பெயரின் முதலெழுத்தை அடுத்த புள்ளிக்குப் பின் இடைவெளி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் கிடப்பதையும், சில வேளைகளில் முதலெழுத்து வரியின் கடைசியில் தனித்து நிற்க, பெயர் மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடுவதையும் காணலாம். பெரியோரின் பெயரை இவ்வாறு துண்டிப்பது மரியாதைக் குறைவென்றே கருதுகிறேன்.

நூல்களைக் கோப்பதிலும் இச்சங்கடம் உண்டு. ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் டொனால்டு நூத் 1978ஆம் ஆண்டில் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள், ஆங்கிலப் பெரிய எழுத்தை அடுத்த புள்ளியைச் சுருக்கக் குறியென்றும், சிறிய எழுத்தை அடுத்ததை வாக்கிய முடிவென்றும் அனுமானித்து, பின்னதற்குச் சற்று அதிக இடம் விடுகிறது. தமிழிலும், மராத்தி எழுதும் தேவநாகரியிலும் அந்தப் பேதமே இல்லையாதலால், தனிக் கட்டளை தராவிட்டால், உ. வே. சாமிநாதையர், பு. ல. தேஷ்பாண்டே என்னும் பெயர்களிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் அது வாக்கியத்தின் முடிவாகவே எண்ணிவிடும்.

பரிகாரம் சுலபமானது. டெக்கில் புள்ளிக்குப் பின் வெற்றிடத்திற்குப் பதிலாக அலைக்குறி இட்டால் இடைவெளி சாதாரண அளவினதாகும். வரியும் அங்கே முறியாது. வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரி முறியாத இடைவெளி கிடைக்கும். 1932இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை எஸ்.ஐ.இ.எஸ். என்று சுருக்கும்போதோ, எழுத்துகளுக்கிடையே இடமே வேண்டுவதில்லை. அச்சகத்தார் புரூப் காட்டும்போது, எழுத்துப் பிழையோடு இந்த இடைவெளியையும் அன்பர்கள் கவனித்துத் திருத்தித் தர வேண்டும்.