கணுக்கால் தாங்கியைப் பொருத்தும் கை: பயிற்சிப் பட்டறையில் கற்க வேண்டியவை

பக்கவாதம், பெருமூளை வாதம், இளம்பிள்ளை வாதம், நரம்புக் காயம் போன்றவற்றால் பாதத்தை மேலே தூக்கும் தசைகள் வலுவிழந்தால், அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கால்விரல்கள் தரையில் உரசி இழுபடுகின்றன. பாதத் தொய்வு எனப்படும் இந்நிலையில் பாதத்தைத் தாங்கி நிறுத்த அணியப்படும் கருவியே கணுக்கால்-பாதத் தாங்கி. மருத்துவமனைகளில் ஏ.எஃப்.ஓ. என்றும் பேச்சு வழக்கில் ஸ்பிளிண்ட் என்றும் வழங்கும் இது, பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும், சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டால் ஆனது. கெண்டைக்காலின் பின்புறத்தையும் உள்ளங்காலையும் ஒட்டி, ஏறத்தாழ ‘ட’ எழுத்தின் வடிவில் அமைவது.

இவ்வளவு எளிய தோற்றமுடைய கருவியைப் பொருத்துவதற்கு இந்தியாவில் நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்களே இத்தொழிலை மேற்கொள்ள வேண்டும் என்பதும், பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் பயிற்சிகளில் பங்கேற்க வேண்டும் என்பதும் விதி. ஆயினும், திரையில் படங்களைக் காட்டி உரையாற்றி, மாலையில் சான்றிதழ் வழங்கி முடிக்கும் பயிற்சிகளால் இத்தொழில் கைவந்துவிடாது. தாங்கி பயன்படுமா, பரணுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பவை சில மில்லிமீட்டர் வேறுபாடுகளே. அவற்றை விரல்தான் அறியும்.

ஆகவே, உருப்படியான பட்டறை மாவுக்கட்டிலிருந்து தொடங்குகிறது. காலில் மெல்லிய பின்னல் உறையை மாட்டி, கணுக்காலின் இருபுறப் புடைப்புகள், பாதத்தின் உட்புறத்தில் துருத்தும் எலும்பு, சுண்டுவிரல் பக்க எலும்பின் அடிப்பகுதி ஆகியவற்றை, ஈரம் பட்டால் மையாக ஊறும் பென்சிலால் உறையின்மேல் குறிக்கின்றனர். அதன்மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றும்போது அக்குறிகள் கட்டின் உட்சுவரில் பதிகின்றன. கட்டு இறுகுவதற்குள் குதிகாலை ஒரு கையால் நேர்நிறுத்தி, மறுகையால் முன்பாதத்தைத் திருகாமல் பிடிக்க வேண்டும். அந்தச் சில நிமிடப் பிடியில் நேரும் பிழையைப் பின்னர் எந்த எந்திரத்தாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் தம்முடன் பயில்பவரின் நலமான காலிலேயே இதைப் பழகுகின்றனர் என்பது இப்பட்டறைகளின் பெருங்குறை. பெருமூளை வாதத்தால் விறைத்து, பிடித்த கையை எதிர்த்துத் தள்ளும் ஒரு குழந்தையின் கால் கற்பிப்பதை நலமான கால் கற்பிக்காது.

கழற்றிய கட்டுக்குள் சாந்தை ஊற்றிப் பெறும் கால் உருவத்தை அப்படியே பயன்படுத்துவதில்லை. எலும்பு துருத்தும் இடங்களில் சாந்தை அப்பி உயர்த்துவதும், அழுத்தத்தைத் தாங்கும் சதைப்பற்றுள்ள இடங்களில் அரத்தால் இழைத்துக் குறைப்பதும் இதன் நுட்பம். பிறகு, சூட்டடுப்பில் கண்ணாடிபோல் தெளியும் வரை இளக்கிய தகட்டை உருவத்தின்மேல் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டச் செய்கின்றனர். ஆறிய தகட்டின் விளிம்பை எங்கே வெட்டுவது என்பதில் தாங்கியின் குணமே அடங்கியிருக்கிறது: விளிம்பு கணுக்கால் புடைப்புகளுக்கு முன்னால் நின்றால் தாங்கி அசையாத வன்மை பெறும், பின்னால் ஒதுங்கினால் சுருள்வில்லைப்போல் வளைந்து கொடுக்கும். மேல்விளிம்பிலோ வேறோர் ஆபத்து இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் செல்லும் பெரோனியல் நரம்பே பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்குவது. விளிம்பு அதை அழுத்தினால், பாதத் தொய்வைப் போக்க வந்த கருவியே பாதத் தொய்வை உண்டாக்கும்.

தாங்கி தனித்து இயங்குவதில்லை, காலணியோடு சேர்ந்தே இயங்குகிறது என்பது இத்துறை வலியுறுத்தும் மற்றொரு பாடம். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் எலெய்ன் ஓவன், தாங்கியும் காலணியும் அணிந்து நிற்கும்போது கெண்டைக்கால் செங்குத்திலிருந்து எவ்வளவு முன்சாய்ந்திருக்கிறது என்பதை அளந்து, காலணியின் குதியில் சிறு ஆப்புகளைச் சேர்த்தும் நீக்கியும் நடையைச் சீராக்கும் முறையை வகுத்துக் கற்பித்தார். அவரது ஆய்வில் பொருத்தமான சாய்வு சராசரியாக 11 பாகையை ஒட்டி அமைந்தது. வயது வந்தோரின் பாதத்தில் குதியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினாலே சாய்வு ஏறத்தாழ 3 பாகை மாறிவிடும்.

இக்கணக்கை நம் நாட்டில் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே செல்வது நம் வழக்கம். பயிற்சிக் கூடத்தில் காலணியோடு செம்மையாகச் சரிசெய்த தாங்கி, வீட்டுக்குள் காலணியின்றி நடக்கும்போது கெண்டைக்காலைப் பின்னுக்குச் சாய்த்து, முழங்காலைப் பின்புறமாக வளையத் தள்ளக்கூடும். வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பகுதி ஈரத் தரையில் வழுக்கவும் செய்யும். தரையில் சம்மணமிடுவதையும் இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவதையும் வன்மையான தாங்கி தடுக்கும். காலணியோடே வீட்டுக்குள் நடமாடும் நாடுகளின் பாடநூலில் இவற்றுக்கு விடை தேட முடியாது. நம் பட்டறைகளில் வாசற்படிக்கு அப்பாலுள்ள நடைக்கும் ஓர் அமர்வு ஒதுக்க வேண்டும்: உள்ளே அணியத் தனிச் செருப்பு, தாங்கியின் அடியில் ஒட்டும் ரப்பர், குதிக்கு நிலையான ஆப்பு என எளிய தீர்வுகள் கைவசம் உள்ளன.

உணர்ச்சியற்ற பாதம் தனிக் கவனத்தைக் கோருவது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் உண்டாவதற்கு வலியை உணராமல் தொடர்ந்து நடப்பதே முதன்மைக் காரணம் என்பதை எடுத்துக்காட்டினார். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதங்களுக்கும் இது பொருந்தும். இத்தகையவர் “எங்கும் உறுத்தவில்லை” என்று கூறுவது தாங்கி சரியாக இருப்பதற்குச் சான்றாகாது. தோலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பத்து லட்சம் மக்களுக்கு 5 முதல் 10 வரை இத்துறை வல்லுநர்கள் தேவை என 2017இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் தரநெறிகள் கூறுகின்றன. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில், ஒரே நாளில் பலருக்கு அளவெடுத்து வழங்கிவிட்டுக் கலையும் முகாம்களில் முதலில் கைவிடப்படுவது மறுபரிசோதனையே. எனவே புதிதாகத் தாங்கி பெற்றவர்கள், முதல் நாளில் சிறிது நேரமே அணிந்து கழற்றி, கணுக்கால் புடைப்புகளையும் குதியையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே தோன்றும் சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாமல், தாங்கியைப் பொருத்தியவரிடமே அதை எடுத்துச் செல்லுங்கள். விளிம்பைச் சூடாக்கிச் சற்று விரித்துக் கொடுப்பது அவருக்குச் சில நிமிட வேலை.