கார்டு இல்லாமல் ரயில் ஓடுமா? கேமரா செய்யும் வேலை என்ன?

அண்ணாமலை நகரிலிருந்து சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறுபவரா நீங்கள்? கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி காட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் கார்டு, 2022 முதல் 'ட்ரெயின் மேனேஜர்'. சென்னை புறநகர் ரயிலிலும் இவர் மணி அடித்தால்தான் வண்டி கிளம்பும்.

பிரிட்டனில் 1980களிலேயே சில புறநகர் ரயில்களில் இந்த வேலை டிரைவரிடம் போய்விட்டது.

எப்படி?

பெட்டியின் வெளிப்புறத்திலோ பிளாட்பாரத்திலோ உள்ள கேமராக்களின் படம் டிரைவர் பார்க்கும் மானிட்டரில் தெரியும். கதவை மூடும் முன் ஒருமுறை, மூடிய பின் மறுமுறை அவர் பார்க்க வேண்டும்.

ஏன் இரண்டு முறை?

கதவு மூடிவிட்டதாக விளக்கு எரிந்தாலும், துப்பட்டா நுனி, பை வார் போன்ற மெல்லிய பொருள் சிக்கியிருப்பது சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். எதிர்வெயிலும் மழைத்துளியும் கேமராவையே ஏமாற்றும். 2016-ல் பிரிட்டனின் சதர்ன் ரயில் கார்டுகள் ஸ்டிரைக்கில் இறங்கியதும் இந்தப் பாதுகாப்புக் கேள்வியை வைத்துத்தான்.

நம்ம ஊருக்கு வருமா?

சென்னையில் பெரும்பாலான புறநகர் ரயில்கள் கதவு திறந்தபடியேதான் ஓடுகின்றன. தானியங்கிக் கதவுள்ள ஏசி ரயில் 2025 ஏப்ரலில்தான் வந்தது. அதிலும் கார்டு உண்டு. முதலில் கதவு, பிறகுதான் கேமரா.

சரி, நடுவழியில் வண்டி நின்றால் பயணிகளைப் பத்திரமாக இறக்கிவிடும் இரண்டாவது ஆள் யார்? அதற்கு மானிட்டரில் பதில் இல்லை.