கல்லீரலைக் காக்கும் அசிட்டைல் சிஸ்டீன்

கந்தகம் தாங்கிய மூலக்கூறு

புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள் ஒன்றான சிஸ்டீன், கந்தக அணுவும் ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த தயோல் என்னும் தொகுதியைக் கொண்டது. அத்தொகுதியே அதன் ஆற்றல். அதுவே அதன் பலவீனமும் ஆகும். ஆக்சிஜன் பட்டால் இரு சிஸ்டீன் மூலக்கூறுகள் கந்தகத்தோடு கந்தகம் பிணைந்து, நீரில் எளிதில் கரையாத ஒரே மூலக்கூறாக மாறிவிடுகின்றன. சிஸ்டீனின் நைட்ரஜன் அணுவோடு அசிட்டைல் என்னும் சிறு தொகுதியை இணைத்தால் அதன் நிலைப்புத்தன்மை கூடுகிறது. இவ்வாறு உருவாகும் என்-அசிட்டைல் சிஸ்டீன், உடலுக்குள் சென்றபின் அசிட்டைலை இழந்து மீண்டும் சிஸ்டீனைத் தருகிறது.

காய்ச்சல் மாத்திரை நஞ்சாகும்போது

பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கின்றி வெளியேற்றிவிட, ஒரு சிறு பகுதி மட்டும் நச்சு இடைப்பொருளாக மாறுகிறது. குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்றும் கோத்த குளுட்டாதயோன் என்னும் காப்புப்பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் பற்றி முறித்துவிடுகிறது. அளவு மீறும்போது குளுட்டாதயோன் தீர்ந்துபோக, தடுப்பாரற்ற நஞ்சு கல்லீரல் செல்களின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அச்செல்களை அழிக்கிறது. குளுட்டாதயோனை மீண்டும் உருவாக்கச் சிஸ்டீனே பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பதால், அசிட்டைல் சிஸ்டீன் முறிமருந்தாகிறது. இதனைச் சிரைவழி செலுத்தும் முறையை 1970-களில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட்டும் அவருடைய குழுவினரும் நிலைநாட்டினர்.

எட்டு மணி நேரம்

அளவு மீறி உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் இம்மருந்தைத் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காக்கப்படுகிறது. அதன்பின் பலன் படிப்படியாகக் குறைந்தாலும், தாமதமாக வந்தவர்க்கும் மருத்துவர்கள் இதனைக் கொடுக்கவே செய்கின்றனர். முதல் 24 மணி நேரத்தில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறி தோன்றாமலும் போகலாம் என்பதே இதில் மிகவும் அஞ்சத்தக்கது. நலமாகத்தானே இருக்கிறார் என்று வீட்டிலேயே காத்திருப்பது உயிருக்கே உலையாகிவிடும். சளி, உடல்வலி ஆகியவற்றுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் அடங்கியிருப்பதால், தனித்தனியாகச் சரியான அளவில் உண்டவரும், வளர்ந்தவர்க்குரிய உச்சவரம்பாகிய நாளொன்றுக்கு 4 கிராமை அறியாமலே தாண்டிவிடக்கூடும்.

சளியை இளக்கும் பணி

இதே மருந்து நெஞ்சுச்சளிக்கும் பயன்படுகிறது. சளிக்குப் பிசுபிசுப்பைத் தரும் மியூசின் புரதங்களுக்கிடையிலான கந்தகப் பிணைப்புகளைத் தயோல் தொகுதி அறுத்துவிடுவதால் சளி நீர்த்து வெளியேறுகிறது. கரைசலில் எழும் அழுகிய முட்டை வாடையும் அந்தக் கந்தகத்தினுடையதே. அது மருந்து கெட்டதற்கு அடையாளமன்று. ஆயினும் ஆஸ்துமா உள்ளோர்க்கு மூச்சுக்குழல் சுருங்க வாய்ப்புண்டு என்பதால், அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பிலேயே இதனை எடுத்துக்கொள்ள வேண்டும்.