ஒப்பாரி

ஒப்பாரி என்பது இறந்தவரை நினைத்து அழும்போது பாடப்படும் தமிழ் நாட்டார் பாடல் வகையாகும். தாலாட்டைப் போலவே இதுவும் பெரும்பாலும் பெண்களால் பாடப்படுகின்றது. ஏட்டில் எழுதப்படாமல், கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்து, வாய்மொழியாகவே வழிவழியாக வந்துள்ளது. இறந்தவரின் பெருமையைக் கூறும் பாடல் என்றே இது பொதுவாக அறியப்படுகின்றது. ஆயினும் ஒப்பாரியின் பெரும்பகுதி இறந்தவரைப் பற்றியதன்று. அவர் இல்லாமல் இனி வாழவேண்டியவளின் நிலையைப் பற்றியதாகும்.

பெயர்

'ஒப்பு' என்னும் சொல்லுக்கு ஒப்புமை என்பது பொருள். இறந்தவரைப் பொன்னுக்கும் மணிக்கும் விளக்குக்கும் நிழல் தரும் மரத்துக்கும் ஒப்பிட்டு அழுவதால் இப்பெயர் அமைந்தது என்பர். இறந்தவர் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் அருகருகே வைத்துக் காட்டுவதும் இப்பாடல்களின் இயல்பாகும். ஊர்ப்புறங்களில் 'ஒப்பு வைத்தல்', 'ஒப்புச் சொல்லி அழுதல்' என்பன வழக்கில் உள்ளன. பிலாக்கணம், புலம்பல், இழவுப் பாட்டு, மாரடிப் பாட்டு என்னும் பெயர்களும் உண்டு. மனம் ஒன்றாமல் கடமைக்குச் செய்யும் வேலையைக் 'கூலிக்கு மாரடித்தல்' என்று சொல்லும் வழக்கு, கூலி பெற்று அழும் வழக்கம் முன்பு இருந்ததைக் காட்டுகின்றது.

இலக்கியத்தில் ஒப்பாரி

பழந்தமிழ் இலக்கணத்தில் பாலைத் திணைக்குப் பிரிவும் நெய்தல் திணைக்கு இரங்கலும் உரிப்பொருள்களாகும். அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைத் திணையைச் சேர்ந்தவை. பாலை உயிரோடு இருப்பவரின் பிரிவைப் பாடுவது. இறந்தவரை நினைத்து இரங்கும் புறத்துறை கையறுநிலை எனப்படும்.

பாரி மகளிர் பாடியதாக வழங்கும் புறநானூற்று 112ஆம் பாடல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தந்தையையும் பறம்பு மலையையும் ஒருசேர இழந்த இரு பெண்கள், சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் அருகருகே வைத்துத் தம் நிலையைச் சொல்கின்றனர். பாரியின் வீரமோ கொடையோ அதில் விரித்துரைக்கப்படவில்லை. அன்றும் இன்றும் என்னும் இந்த ஒப்பீடு இன்றைய ஒப்பாரியிலும் காணப்படுகின்றது.

கம்பராமாயணத்தில் வாலிக்காகத் தாரையும் இராவணனுக்காக மண்டோதரியும் புலம்பும் பகுதிகள் உள்ளன. கொங்கு நாட்டில் வழங்கும் அண்ணன்மார் சுவாமி கதையில், போரில் மாண்ட பொன்னர், சங்கர் ஆகியோருக்காக அவர்களின் தங்கை அழுது புலம்பும் பகுதி கேட்போரைப் பெரிதும் உருக்குவதாகும்.

பாடும் முறை

இறப்புச் செய்தி அறிந்து வரும் பெண்கள் சடலத்தின் அருகிலோ வாசலிலோ வட்டமாக அமர்வர். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலை சாய்த்து, முன்னும் பின்னும் அசைந்தபடி பாடுவர். மார்பில் அடித்துக்கொண்டு பாடுவதும் உண்டு. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வதும், ஒவ்வொருத்தியும் தனித்தனியே பாடுவதும் உண்டு. துக்கம் விசாரிக்க வந்தவள், முன்னர் இறந்துபோன தன் தாயையோ கணவனையோ நினைத்துப் பாடுவது தவறாகக் கருதப்படுவதில்லை. ஒரு வீட்டுச் சாவு பல வீட்டுத் துயரங்களுக்கு இடம் தருகின்றது.

இழவு வீட்டில் மட்டுமன்றி, வயலில் வேலை செய்யும்போதும் வீட்டில் தனித்திருக்கும்போதும் பெண்கள் ஒப்பாரி பாடுவதுண்டு. ஆனால் சாவு நிகழாத வீட்டில் உரக்கப் பாடுவதைப் பலர் அமங்கலமாகக் கருதுகின்றனர். நாட்டார் பாடல் தொகுப்பாளர்களுக்கு ஒப்பாரி எளிதில் கிடைக்காமைக்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணமாகும்.

அமைப்பு

ஒப்பாரியின் ஒரு கண்ணி பெரும்பாலும் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி பழைய வாழ்வின் சிறப்பை ஒரு காட்சியாகக் காட்டும். இரண்டாம் பகுதி அது கெட்டதைச் சொல்லும். அதே கண்ணி ஓரிரு சொற்கள் மட்டும் மாறி மீண்டும் வரும். முதலில் பொன் என்று வந்தால் அடுத்து வெள்ளி என்று வரும். இதனால் பாடுபவள் புதிதாக அடி புனையவும் உடன் பாடுபவர்கள் எளிதில் சேர்ந்துகொள்ளவும் முடிகின்றது. முடிவில் 'என்னைப் பெத்த அம்மா' என்பது போன்ற விளி நீண்ட ஓசையுடன் ஒலிக்கும்.

பாடுபொருள்

இறந்தவர் யார் என்பதற்கு ஏற்பப் பாடலின் பொருள் மாறுபடும்.

தாய்க்காக மகள் பாடுவது: தாய் இருந்தபோது பிறந்த வீட்டில் கிடைத்த வரவேற்பும், அவள் இல்லாத வீட்டு வாசலில் அயலாள் போல நிற்க நேர்வதும் சொல்லப்படும். அண்ணன் மனைவியின் பாராமுகம் அடிக்கடி இடம்பெறும்.

கணவனுக்காக மனைவி பாடுவது: பூ, பொட்டு, தாலி ஆகியவற்றை இழப்பதும், மங்கல நிகழ்வுகளில் ஒதுக்கப்படுவதும், பிள்ளைகளை வளர்க்கும் பாடும் முதன்மை பெறும்.

உடன்பிறந்தானுக்காகத் தங்கை பாடுவது: இனிச் சீர் கொண்டுவர ஆளில்லாமை பேசப்படும்.

மாமியாருக்காக மருமகள் பாடுவதாக எள்ளல் ஒப்பாரிகளும் வழங்குகின்றன.

இப்பாடல்களில் பிறந்த வீடு இத்துணை இடம் பெறுவதற்குச் சமூகக் காரணம் உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் பங்கு இருந்தது. மகளுக்கு அவ்வுரிமை இல்லை. பிறந்த வீட்டோடு அவளுக்கு இருந்த தொடர்பு சீர்வரிசையையும் தாயின் அன்பையும் பொறுத்தே அமைந்தது. தாய் மறைந்தால் அத்தொடர்பு அறுந்துபோகக்கூடும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. 2005ஆம் ஆண்டில் நடுவண் அரசின் திருத்தம் அதை நாடு முழுவதற்கும், மணமான மகள்களுக்கும் விரிவாக்கியது. சட்டம் தராத உரிமையைப் பற்றிய முறையீடு அதற்கு முன்பே ஒப்பாரியில் ஒலித்தது எனலாம்.

மலைத்தோட்டங்களும் பிரிவுப் பாடல்களும்

சாவினால் மட்டுமன்றிப் புலம்பெயர்வினாலும் பிரிவுப் பாடல்கள் பிறந்தன. சேலம் மாவட்டத்தில் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில், 1820களில் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் சில பத்தாண்டுகளில் இலங்கையின் கண்டிப் பகுதியிலும் காப்பித் தோட்டங்கள் பெருகின. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் மாவட்டங்களுடன் சேலம் மாவட்டத்திலிருந்தும் மக்கள் கங்காணிகளின் வழியாக அங்குச் சென்றனர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சேலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டில் இருந்ததைவிட 1881ஆம் ஆண்டில் குறைந்து காணப்பட்டது.

இலங்கை மலையகத் தமிழரிடையே வழங்கும் பாடல்களுள், பிறந்த ஊர், பனந்தோப்பு, பெற்ற தாய் என இழந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பாடல் நன்கு அறியப்பட்டது. யாரும் இறக்காத நிலையிலும் அது ஒப்பாரியின் அடுக்கு முறையைக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. திரும்பிச் செல்ல இயலாதவர்க்கு ஊரும் இறந்தவரைப் போன்றதே. இப்பாடல்களைத் திரட்டியவர்களுள் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இப்பிரிவை எதிர்த்திசையில் மீண்டும் நிகழ்த்தியது. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. உறவினர்கள் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரிய நேர்ந்தது. பாட்டன் காலத்தில் ஊரை இழந்த குடும்பங்கள் பேரன் காலத்தில் தோட்டத்தை இழந்தன.

தொகுப்பும் ஆய்வும்

கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' (1958), நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' ஆகியவை தமிழ் நாட்டார் பாடல் தொகுப்புகளுள் முக்கியமானவை. அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் திராவிக் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் தாழ்த்தப்பட்ட பெண்களின் அழுகைப் பாடல்களை ஆராய்ந்தார். தென்னார்க்காட்டுப் பகுதியில் களஆய்வு செய்த இசபெல் கிளார்க்-தெசே, இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை என்னும் கருத்தையே தம் நூலுக்குத் (2005) தலைப்பாக்கினார். பெண்கள் தம் சொந்தத் துயரத்தையே ஒப்பாரியில் பாடுகின்றனர் என்பது அவரது கருத்தாகும்.

இன்றைய நிலை

நகரங்களில் ஒப்பாரி பாடுவது அருகி வருகின்றது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாடல்களை இசைப்பதும், பாடகர் குழுக்களைக் கூலிக்கு அமர்த்துவதும் பல ஊர்களில் வழக்கமாகியுள்ளன. வடசென்னையில் சாவு வீடுகளில் ஆண்கள் பாடும் மரண கானா தனி வகையாக வளர்ந்துள்ளது. ஒப்பாரி வைத்துக் கோரிக்கையை முன்வைப்பது போராட்ட வடிவங்களுள் ஒன்றாகவும் உள்ளது.

2021ஆம் ஆண்டில் தீ, அறிவு ஆகியோர் பாடி வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாடலில் ஒப்பாரியின் சாயல் இடம்பெற்றது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் தலைமுறையும், நிலமற்ற உழைப்பாளிகளின் வாழ்வும் அதன் பின்னணி என அறிவு குறிப்பிட்டுள்ளார். அப்பாடல் உலகெங்கும் பல கோடி முறை கேட்கப்பட்டது.